பந்தியை நிறுத்திய ஆயம்மா

ஆயம்மா வந்திருக்கும் கல்யாண வீட்டில் ஒரு தடவையாவது பந்தி நிற்கும். இலை போட்டு, சோறு வைத்து, பொரியல் வாளியோடு ஆள் பாதி வரிசை வந்திருப்பான். அந்த நேரம் பார்த்துக் கடைசி பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வரும்.

"தம்பி, இங்க வாங்க. அந்த கட்லட்டுல முட்டை போட்டிருக்கா?"

அவன் முழிப்பான். "தெரியலீங்களே ஆயம்மா."

"தெரியாட்டி போய்க் கேட்டுட்டு வாங்க. நாங்க இருக்கோம்."

நாங்க என்றால் அவரும் நானும். முட்டை ஒத்துக்கொள்ளாதது எனக்கு மட்டும்தான். ஆனால் அந்த ஆள் சமையல் கொட்டகைக்குப் போய்த் திரும்பும் வரை அவரும் இலையில் கை வைக்க மாட்டார். எங்கள் வரிசை முழுக்கக் கறிக்குக் காத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் இலையைப் பார்ப்பேன். வாழை இலையின் நரம்புகளை என்னளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் எங்கள் தோட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"அந்தப் புள்ளைக்கு என்னவாம்?"

"முட்டை சாப்பிட்டா வீங்கிருமாம்."

"நமக்குச் சாப்பிட முட்டை இல்லன்னு வீங்கிக் கெடக்கோம்."

வரிசையே சிரிக்கும். ஆயம்மாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு மட்டும் காது இரண்டும் சுடும். பூமி பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், டயகம பக்கம். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். அந்த மடுவத்தில் பிள்ளை பார்த்தவர் என்பதால் அவர் எல்லோருக்கும் ஆயம்மா. பிள்ளைகளுக்கும் ஆயம்மா, பிள்ளைகளின் தகப்பன்மாருக்கும் ஆயம்மா. தோட்டத்துத் துரைகூட ஒருமுறை "ஆயம்மா" என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். குட்டையான உருவம். கழுத்தில் மாதா படம் போட்ட கறுப்புக் கயிறு. மற்றவர்கள் இடுப்பில் வெற்றிலைப் பை செருகும் இடத்தில் அவர் ஒரு சின்னப் பை செருகியிருப்பார். அதற்குள் வெற்றிலை இருக்காது. சவுக்காரத் துண்டு ஒன்று ஈரத்தோடு சுருட்டி வைத்திருப்பார். எந்த வீட்டில் எதைத் தொட்டாலும் என்னைத் தொடும் முன்னால் தண்ணீர் விழும் பீலியடிக்குப் போய்க் கை கழுவி, விரல்களை மூக்கில் வைத்து மோந்து பார்த்து, அப்புறம்தான் என் தலையைத் தடவுவார்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது. முட்டை போலீஸ். எங்கள் லயத்துப் பிள்ளைகள் அவர் இறக்கத்தில் வரும்போதே "போலீசு வருது, கோழிய ஒளிச்சு வைங்க" என்று கத்துவார்கள். அவரும் ஓடிப்போய் ஒருத்தனைப் பிடித்து, "எங்கடா ஒங்க வீட்டு கோழி, லைசன்ஸ் காட்டு" என்பார். ஊர் அவரைக் கேலி செய்தால் அவர் அதை வாங்கித் தன் மேல் போட்டுக்கொள்வார். எனக்கு அது தெரியாது. என் புத்திக்கு ஏறியது ஒன்றுதான். இவரால்தான் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று அம்மா சொல்லிக் கேட்டதுதான். நான் மடுவத்துத் தொட்டிலில் கிடந்த வயசு. அங்கே வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளுக்கு அவித்த முட்டை கொடுப்பார்களாம். முதல் தடவை எனக்கு ஊட்டியபோது நான் துப்பியிருக்கிறேன். ஆயம்மா விடவில்லை. துப்புகிற பிள்ளைக்கு ஊட்டுவதில் அவருக்கு நல்ல பேர். "ஒரு வாய், ஒரே வாய், ஆயம்மாவுக்காக ஒரு வாய்" என்று மஞ்சள் கருவை மசித்து உள்ளே தள்ளியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் என் உதடு தடித்து, கண் மூடி, உடம்பெல்லாம் கொப்புளமாக எழும்பிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது ஆயம்மாதான். அன்றைக்கு வீக்கம் எப்படியோ இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சொன்னாராம், இந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, அடுத்த தடவை மூச்சைப் பிடிக்கும், ஒரு துளிகூடப் படக் கூடாது என்று.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் முட்டை வாங்குவதை நிறுத்தினார். அதோடு அம்மாவின் வேலை முடிந்தது. ஆயம்மாவுக்கு முடியவில்லை. தன் கையால் ஊட்டிய அந்த ஒரு வாயை அவர் மறக்கவே இல்லை என்று நினைக்கிறேன். நான் பிள்ளை மடுவத்தை விட்டுப் பள்ளிக்கூடம் போன பிறகும், கோயில் திருவிழாவா, சாவு வீடா, டவுனுக்கா, நான் போகிற இடமெல்லாம் அவர் வந்தார். வந்து கேட்டார்.

டிசம்பரில் நத்தார் பண்டிகை வந்தால் அவர் வீட்டில் கேக் செய்வார். அவர் வேதக்காரர், நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள். நத்தாருக்கு அவர் வீட்டுத் தட்டும் பொங்கலுக்கு எங்கள் வீட்டுத் தட்டும் மாறி மாறிப் போகும். முட்டை போடாமல் கேக் செய்தால் எப்படி வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆயம்மாவுக்கும் தெரியாது. ஆனாலும் போட மாட்டேன் என்று நின்றார். அது செங்கல் மாதிரி வந்தது. எங்கள் லயத்தில் அதற்கு "கல்லு கேக்கு" என்றே பெயர். அவர் வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்துத் தட்டிப் பார்த்து, "சேர்ச்சுக்கு ஒரு சொவரு கட்டணும்னு சாமியார் சொன்னாரு, அனுப்பிருவமா?" என்பார். ஆயம்மா அசரமாட்டார். "கடிக்க முடியலன்னா தேத்தண்ணியில ஊற வச்சு தின்னு. மத்தவங்க கேக்கு சாப்பிடற அன்னைக்கு அந்தப் புள்ள வாயப் பாத்துக்கிட்டு இருக்குமா?"

நான் தேத்தண்ணீரில் ஊறவைத்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

நான் பெரியமனுஷியான சமயத்தில் நடந்ததை எழுத இன்னும் கை கூசுகிறது. ஆனால் அதை விட்டுவிட்டு ஆயம்மாவை எழுத முடியாது.

எங்கள் பக்கம் பிள்ளை பெரியமனுஷியானால் வீட்டின் முன்பக்கத்து இஸ்தோப்பில் சேலையை மறைத்துக் கட்டி, தனியாக உட்கார வைப்பார்கள். ஆண்கள் கண்ணில் படக் கூடாது. வெறும் வயிற்றில் ஒரு நாட்டுக்கோழி முட்டையை உடைத்துப் பச்சையாக வாயில் ஊற்றுவார்கள். பிறகு அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் நிறைத்துக் குடிக்க வைப்பார்கள். இடுப்புக்குப் பலம். கொடுக்கிற உரிமை தாய்மாமன் வீட்டுக்கு. அதனால் என் மாமாவின் பெண்சாதி, அத்தை, முதல் நாளே முட்டையும் எண்ணெய்ப் போத்தலுமாக வந்துவிட்டார்.

அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார், முட்டை வேண்டாம் என்று. அத்தைக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "முட்டை குடுக்காம என்ன அண்ணி சடங்கு? நாளைக்கு இடுப்பு வலின்னா எங்களத்தான சொல்லுவாங்க." ஆனால் அத்தை கெட்டவர் இல்லை. சரி, எண்ணெய் மட்டும் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஆயம்மா மடுவத்திலிருந்து ஒரு எட்டு வந்தார். சேலை மறைப்புக்கு வெளியே நின்று கேட்டார். அவர் குரல் மறைப்பைத் தாண்டிப் பக்கத்து லயத்துக்கும் கேட்டிருக்கும்.

"முட்டை குடுக்கலதானே?"

"குடுக்கல ஆயம்மா. குடுக்கவும் மாட்டோம்," என்றார் அத்தை.

"சத்தியமா?"

"எம் புள்ளைங்க மேல சத்தியமா. எண்ணெ மட்டுந்தான்."

"எண்ணெ மட்டுந்தானே?"

"எத்தன வாட்டி கேப்பீங்க ஆயம்மா? எண்ணெ மட்டுந்தான்."

ஆயம்மா திருப்தியாகப் போய்விட்டார். அவருடைய செருப்புச் சத்தம் படியில் இறங்குவதை நான் கேட்டேன். அத்தை கொண்டுவந்த முட்டையை நுனியில் தட்டி, வெள்ளையையும் மஞ்சளையும் ஒரு கோப்பையில் கவிழ்த்தார். அது தன் வீட்டுக்காரருக்குப் பொரிக்க. பிறகு காலியான ஓட்டில் எண்ணெயை நிறைத்து என் கையில் கொடுத்தார். அளவு என்றால் ஓடுதான். அத்தையின் அம்மா அப்படித்தான் கொடுத்தார், அவருடைய அம்மாவும் அப்படித்தான். முட்டையைக் கொடுக்கவில்லை, ஓட்டைத்தானே கொடுக்கிறோம் என்றுகூட அவர் நினைத்திருக்க மாட்டார். ஓட்டை ஒரு பாத்திரமாகத்தான் பார்த்தார். நானும் அப்படித்தான் பார்த்தேன். உள்ளே வழவழவென்று ஒட்டியிருந்ததை எண்ணெய் என்று நினைத்தேன்.

மூன்றாவது மடக்கில் தொண்டை அரித்தது. இருமினேன். அத்தை முதுகைத் தட்டி, "எண்ணெ அப்பிடித்தான் இருக்கும், முழுங்கு" என்றார். உதடு என்னுடைய உதடு மாதிரி இல்லை. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர வழி தெரியவில்லை. அம்மாவின் அலறல் கேட்டு, படி இறங்கிக்கொண்டிருந்த ஆயம்மா திரும்பி ஓடி வந்தார். சேலை மறைப்பை ஒரே இழுப்பில் கிழித்தார். என் கையில் இருந்த ஓட்டைப் பார்த்தார்.

அந்த முகத்தை நான் பார்த்தேன். அவர் அத்தையைத் திட்டவில்லை. "ஓட்டுலயா," என்றார். அவ்வளவுதான். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

கீழே ரோட்டில் கொழுந்து நிறுக்கிற நேரம். லொறி நின்றது. சுற்றிலும் ஆம்பிளைகள், தராசுக்காரர், கங்காணி, சாக்குத் தூக்குகிறவர்கள். ஆயம்மாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது மேலேயிருந்து ஒரு கிழவி கத்தினார். "தீட்டோட புள்ளய ஆம்பளைங்க மத்தியில கொண்டு போறீங்களே, புத்தி கெட்டுப் போச்சா?"

ஆயம்மா திரும்பாமலே பதில் கொடுத்தார். "உசுரு போனா யாருக்குத் தண்ணி ஊத்துவீங்க?"

லொறிக்காரர் தயங்கினார். கொழுந்து லொறியில் அந்த நிலைமையில் உள்ள பிள்ளையை ஏற்றலாமா என்று அவர் கங்காணியைப் பார்த்தார். ஆயம்மா அவர் முன்னால் போய் நின்று, பந்தியில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"அண்ணே, நேத்து வயசுக்கு வந்த புள்ள. மூச்சு நிக்கப் போகுது. ஏத்துவீங்களா, மாட்டீங்களா?"

அத்தனை பேர் முன்னால். நேற்று வயசுக்கு வந்த பிள்ளை என்று. மூச்சு முட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த நேரத்திலும் அது கேட்டது. சாவேனோ என்ற பயத்தைவிட அது பெரிதாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. பன்னு மாதிரி வீங்கிய முகம், எண்ணெய் வடிகிற வாய், கறைபட்ட பாவாடை. என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் அங்கே தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து நின்றார்கள். அவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

லொறிக்காரர் ஏற்றினார். பச்சைக் கொழுந்து சாக்குகள் மேல் என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆயம்மா வழியெல்லாம் இரண்டையே மாற்றி மாற்றிச் சொன்னார். "மூச்சு வருதா? மூச்சு வருதா?" என்று என்னிடம். "கேட்டேனே. நான் கேட்டேனே" என்று யாரிடமோ.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்கு வழி திறந்தது. பச்சை முட்டையில் இன்னும் மோசமாக வரும், மிச்சம் மீதி ஒட்டியிருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னபோது ஆயம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். காலில் விழாத குறையாக ஆயம்மா தினமும் காலையில் வந்து கூப்பிட்டார். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க கண்ணு. நான் கூடவே வந்து வாத்தியார்ட்ட சொல்றேன்." அவர் கூடவே வந்து சொல்லுவார் என்பதுதான் என் பயமே. நான் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்வேன். வெளியே அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மடுவத்துக்கு நேரமாகிவிட்டது என்று போவார். அத்தையும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒரு கோப்பைத் தண்ணீர்கூடத் தன் கையால் எடுத்துக் கொடுத்ததில்லை. நான் கேட்டால், "நீயே எடுத்துக்கம்மா" என்று தள்ளி நிற்பார்.

ஆயம்மா கேட்பதை நிறுத்தவில்லை. கேட்கிற விதம்தான் மாறியது. முட்டை இருக்கிறதா என்று அவர் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. "இருக்கான்னா இல்லன்னுதான் சொல்லுவாங்க. பொய்யும் இல்ல. எப்பிடிச் செஞ்சீங்கன்னு கேக்கணும். எதுல செஞ்சீங்க, எந்தக் கரண்டி, அதுக்கு முன்னாடி அதுல என்ன செஞ்சீங்க. அத கேக்கணும்."

தலவாக்கலையில் ஒரு பேக்கரியில் பன் வாங்கப் போனோம். 

"இது எப்பிடிச் செய்றீங்க?"

"மா, சீனி, மாஜரின், ஈஸ்ட். முட்டை இல்லம்மா."

"முட்டைய பத்தி நான் கேக்கலயே. இவ்வளவு பளபளன்னு இருக்கே, மேல என்ன?"

பேக்கரிக்காரர் பன்னைத் திருப்பிப் பார்த்தார், முதல் தடவை பார்ப்பது மாதிரி. "அது… வேகறதுக்கு முன்னாடி லேசா ஒரு தடவு."

"என்னத்த தடவுவீங்க?"

"முட்டைதான்."

"அப்ப முட்டை இல்லன்னீங்க?"

"உள்ள இல்லம்மா."

அப்பக் கடையிலும் அப்படித்தான். வெறும் அப்பம் என்று தைரியமாகச் சாப்பிடப் போனால், முட்டை அப்பம் சுட்ட அதே சட்டியைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு இதைச் சுடுவார்கள். கொத்து ரொட்டி போடுகிற இரும்புக் கல்லும் அப்படியே. ஆயம்மா அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் முதலில் அவரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்ப்பார்கள். பாண் ரொட்டியில் எது, விசுக்கோத்தில் எது, எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று எனக்கு இன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அப்படி வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

அந்த பன் வாங்கின நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஆயம்மா, கொஞ்சம் மெதுவா கேக்கக் கூடாதா? ஊருக்கே கேக்குது. எனக்குச் செத்துரலாம் போல இருக்கு."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வளைவில் சாயும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் நல்லாருக்கா?" என்றார். "மடுவத்துல குழந்தைங்ககிட்டதான் பேசிப் பழக்கம். கடக்காரங்க, டாக்டருங்க முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். மெதுவா கேட்டா பாதியில அழுக வந்துருது கண்ணு. ஒருவாட்டி அப்பிடிதான் ஆச்சு. அதனால ஒரேயடியா கத்திக் கேட்டுர்றேன். கத்துனா அழுக வராது."

இத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இப்போது நான் டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். சாப்பாட்டு விஷயத்தில் கேட்கவே வேண்டாம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவேன், மூடியைத் திறந்துகூட யாருக்கும் காட்டமாட்டேன். கடையில் பிறந்தநாள், தீபாவளி என்று ரோல்ஸும் கேக்கும் வரும். ஆயம்மா மாதிரி எழுந்து நின்று கேட்க எனக்கு வாய் வராது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். "இன்னைக்கு விரதம் அக்கா" என்று சொல்லிவிடுவேன். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சதுர்த்தி. அந்தக் கடையில் என்னைவிடப் பக்தியான ஆள் கிடையாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூட வேலை செய்கிற அக்கா ஒருவர், தன் மகனுக்குப் பரீட்சை என்றால் என்னைத்தான் வேண்டிக்கொள்ளச் சொல்வார்.

ஆயம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் கடையில் சொல்லிவிட்டுப் போனார். நெஞ்சுச் சளி, சாப்பாடு இறங்குவதில்லை, ஆளையும் சரியாக அடையாளம் தெரிவதில்லை என்றார். மத்தியான நேரம் நான் கிளம்பியபோது அந்த அக்காவும், "தனியா போகாத, நானும் வாறேன்" என்று கூட வந்தார்.

வார்டில் ஆயம்மா தலையணையில் பாதியாகிக் கிடந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை. நாங்கள் வாசலில் நுழையும்போதே கேட்டது. சாப்பாடு கொண்டுவந்த பெண்ணிடம், "இது எப்பிடிச் செஞ்சது? எந்தச் சட்டியில?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நர்ஸ் மிஸ் என்னைப் பார்த்ததும் சிங்களத்தில் பிடித்துக்கொண்டார். நீங்கள் மகளா? அம்மாவுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று வந்த அன்றைக்கே சொல்ல வேண்டாமா? வேளாவேளைக்கு அவரே கேட்கிறாரே. பயந்துபோய் நாங்கள் முட்டையை நிறுத்திவிட்டோம். மீனும் இறங்கவில்லை, இறைச்சியும் இறங்கவில்லை. முட்டையும் இல்லையென்றால் இவருக்கு நான் எதைக் கொடுத்துத் தெம்பு வரவைப்பது?

ஆமாம் மிஸ் என்று தலையாட்டிவிட்டால் முடிந்திருக்கும். என் தலை கொஞ்சம் அசைந்தும்விட்டது. பக்கத்தில் அக்கா நிற்கிறார். சுற்றிக் கட்டில்களில் பாதி எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். ஆயம்மாவின் கன்னத்து எலும்பு அப்படித் துருத்திக்கொண்டு இருந்தது.

"அம்மாவுக்கு இல்ல மிஸ்," என்றேன். என் சிங்களம் அரைகுறை. மெதுவாகச் சொன்னதால் அவருக்குக் கேட்கவில்லை, "என்ன?" என்றார். அழுகை வரப் பார்த்தது. அதற்கு முன்னால் கத்திவிட்டேன்.

"அவங்களுக்கு இல்ல. எனக்கு. எனக்குத்தான் முட்டை ஆகாது. எனக்காகத்தான் கேக்குறாங்க."

சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி. வார்டு மொத்தமும் திரும்பியது. காது இரண்டும் சுட்டது, பந்தியில் சுட்ட மாதிரியே. நர்ஸ் மிஸ் என்னையும் ஆயம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய் ஒரு முட்டைக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அக்கா என் கையைச் சுரண்டினார். "அப்ப செவ்வாக்கிழமை விரதம்?"

"அது இதுதான் அக்கா."

"வெள்ளிக்கிழமை?"

"அதுவும்."

"நான் கேக்கு வெட்டுன அன்னைக்கு கிருத்திகைன்னியே. நான் ஒன்னைய பாத்து அன்னைக்கு மரக்கறி சாப்பிட்டேன்டி."

பக்கத்துக் கட்டில் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு நிமிரவே முடியவில்லை.

முட்டை வந்தது. ஆயம்மா தானே உரித்தார். விரல்கள் அந்த வேலையை மறக்கவில்லை. இரண்டாகப் பிட்டு, ஒன்றைத் தன் வாயில் போட்டார். மெதுவாக மென்றார். எனக்காக விட்ட முட்டையை எத்தனை வருஷம் கழித்துச் சாப்பிடுகிறாரோ. பிறகு என்னை நன்றாகப் பார்த்தார். யார் என்று பிடிபட்ட மாதிரி தெரியவில்லை. ஏதோ ஒரு பிள்ளை, பசியோடு நிற்கிற பிள்ளை என்று மட்டும் தெரிந்திருக்கும். மற்றப் பாதியை மஞ்சள் கருவோடு என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"ஆ காட்டு கண்ணு. ஒரு வாய். ஆயம்மாவுக்காக ஒரு வாய்."

அந்த வாடை முகத்தில் பட்டது. நான் பின்னால் சாய்ந்தேன், முதுகு அக்காவின் மேல் இடித்தது. சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிழவி ஆசையாக நீட்டுகிறார், வாங்கிக்கொள்ளாமல் இவள் என்ன பிகு பண்ணுகிறாள் என்று.

"வேணாம் ஆயம்மா," என்றேன், சத்தமாக. "எனக்கு முட்டை ஒத்துக்காது."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் முகத்தில் எதுவோ ஓடியது. முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, அந்தக் கையை என்னிடமிருந்து தூரமாக, கட்டிலின் அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார். "தொடாத," என்றார். "கிட்ட வராத. கை கழுவணும். சவுக்காரம் எங்க?" மற்றக் கை இடுப்பைத் தடவியது. ஆஸ்பத்திரிச் சட்டையில் பை இல்லை.

என் பையில் இருந்தது. எப்போதும் இருக்கும், அதையும் நான் யாருக்கும் காட்டியதில்லை. அதை அக்காவிடம் எடுத்துக் கொடுத்தேன். அவர் சவுக்காரம் போட்டுவிட, நான் எட்ட நின்று போத்தல் தண்ணீரை ஊற்ற, கீழே ஒரு பேசின் பாத்திரத்தை வைத்து ஆயம்மா ஒவ்வொரு விரலாகக் கழுவினார். மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார். அப்புறம்தான் கையை நீட்டி என் தலையில் வைத்தார்.

"ஒனக்கு ஒத்துக்காதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டியா?" வார்டு முழுக்கக் கேட்டது.

"இப்பத்தான் சொன்னேன் ஆயம்மா."